டோன்சோவின் சடலமும் பாறு மீட்புப் பேரியக்குநரகமும்

டோன்சோ செத்தது ஒரு வியாழக்கிழமை மதியம். புகையிலைக் கொட்டகைக்குப் பின்னால் வேலியோரமாக யாருக்கும் தொந்தரவு தராமல் படுத்தது, தலையை ஒருமுறை தூக்கி மலையைப் பார்த்தது, செத்துப்போனது. உயிரோடு இருந்த காலமெல்லாம் அந்தக் கோவேறு கழுதையைப் பற்றி எந்த அரசாங்க அலுவலகமும் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. செத்த பிறகு அதற்கு வந்த மரியாதையைத் தாங்க ரங்கெலின் கொல்லை போதவில்லை.

ரங்கெலுக்கு அறுபதை நெருங்கும் வயது. ரொடோப்பி மலையின் கிழக்குச் சரிவில், அர்தா ஆற்றுக்கு மேலே, படிப்படியாக வெட்டிய நிலத்தில் அவனும் மனைவி ஸ்தோய்னாவும் புகையிலை போட்டு வந்தார்கள். டிராக்டர் ஏறாத சரிவு அது. பறித்த இலையைக் கூடை கூடையாகக் கீழே கொண்டுவந்து சேர்த்ததெல்லாம் டோன்சோதான். ரங்கெல் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, ஈ மொய்க்காமல் தொப்பியால் விசிறிக்கொண்டு, வெகுநேரம் சும்மா இருந்தான். அழவில்லை. ஆனால் ஸ்தோய்னா சாப்பிடக் கூப்பிட்டபோது, டோன்சோ தனியாக இருக்கும் என்று சொல்லிவிட்டான்.

அவனுடைய அப்பாவாக இருந்தால் செத்த கழுதையை ஓடைப் பள்ளத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பார். பாறைகளில் குடியிருக்கும் பிணந்தின்னிக் கழுகுகள் வந்து பொழுது சாய்வதற்குள் முடித்துக் கொடுத்துவிடும். அந்தப் பறவைகளுக்குப் பாறு என்று ஒரு பெயர் இருப்பதும், அவை உலகத்துக்கே முக்கியமானவை என்பதும் அப்போது ஊரில் யாருக்கும் தெரியாது. ரங்கெலோ சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குப் போன் போட்டான். இந்தக் கதையில் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் போன்தான் காரணம்.

அலுவலகத்தில் எடுத்த அம்மாள் சாவுக்கு என்ன காரணம் என்று கேட்டாள். வயசு என்றான் ரங்கெல். வயசு என்று ஒரு நோய் தங்களிடம் இல்லை என்றாள் அவள். கடைசியில் 'இதர' என்று போட்டுக்கொண்டாள். எரிப்பதற்கு எடுத்துப்போக வண்டி செவ்வாய்க்கிழமை வரும், அதுவரை தார்ப்பாய் போட்டு மூடி வைக்க வேண்டும், எந்தப் பறவையும் தொடக் கூடாது என்றாள். "குறிப்பா பாறுங்க தொடவே கூடாது. அதுங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இதே சமயத்தில் எதிர்க் குன்றின்மேல் ஒரு பெரிய விழாவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. தென்கிழக்குப் பாறு மீட்புப் பேரியக்குநரகம் அங்கே பாறுகளுக்காக ஒரு போஜன சாலை கட்டியிருந்தது. சுற்றிலும் கம்பி வேலி, நடுவில் சிமெண்டு மேடை, நாலு மூலையிலும் கேமரா. பார்க்க வருகிறவர்கள் ஒளிந்து உட்கார ஒரு குடில், குடிலுக்குள் காப்பி எந்திரம். மேடையில் வைப்பதற்காக வேறு நாட்டிலிருந்து குளிர்பதன வண்டியில் உறைந்த மாட்டிறைச்சி முத்திரையோடு வந்தது. எல்லாம் வந்தாயிற்று, பாறுகள் மட்டும் வரவில்லை. பேரியக்குநர் முனைவர் ஸ்விலென் பௌனோவ் இதைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், பறவைகள் தற்போது நம்பிக்கையுடன் கூடிய தயக்க நிலையில் இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தார். சனிக்கிழமை திறப்பு விழா. தலைநகர் சோஃபியாவிலிருந்து துணை அமைச்சர் வருகிறார். பறவை பார்ப்பதற்கென்றே ஊர் ஊராகப் போகும் டச்சுக்காரர்கள் ஒரு பஸ் நிறைய வருகிறார்கள்.

சனிக்கிழமை வெயில் ஏறியதும் முதல் பாறு ரங்கெலின் கொட்டகைக் கூரையில் வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்து இன்னொன்று வந்தது. பிறகு வானத்தில் எங்கோ யாரோ மணியடித்த மாதிரி, மலையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் இறங்க ஆரம்பித்தன. ரங்கெல் தகர வாளியைத் தட்டினான், கம்பை வீசினான். அவை ரெண்டடி தள்ளிப்போய் நின்று, பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் பரிமாறுகிறவனைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தன. ஒரு கிழப் பாறு தார்ப்பாயின் ஓரத்தைக் கவ்வி இழுத்து நேர்த்தியாக ஒதுக்கி வைத்தது.

அப்போது பேரியக்குநரகத்தின் ஜீப் புழுதி பறக்க வந்து நின்றது. கழுத்தில் பைனாகுலரோடு இறங்கியவள் கள ஆய்வாளர் விஹ்ரா. சின்ன வயது, கண்டிப்பான முகம். பாதுகாக்கப்பட்ட பறவையை உணவருந்தும்போது தொந்தரவு செய்தது குற்றம் என்றாள். ரங்கெல் கால்நடை அலுவலகம் சொன்னதைச் சொன்னான். அவள் நம்பவில்லை. அவன் அங்கே போன் போட்டு, போனை அவள் கையிலேயே கொடுத்துவிட்டான். ரெண்டு அரசாங்கமும் அவனுடைய போனில் வெகுநேரம் மரியாதையாகச் சண்டை போட்டன. முடிவில் விஹ்ரா போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"ரெண்டு துறையும் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டோம், ஐயா. நீங்க பறவைங்கள விரட்டவும் கூடாது, திங்க அனுமதிக்கவும் கூடாது."

ரங்கெல் கம்பைப் பார்த்தான். "அப்ப இந்தக் கம்ப என்னம்மா பண்றது?"

"கையில வச்சுக்கோங்க. தூக்க வேணாம்."

அப்படியே நின்றான். கம்பு கையில் இருந்தது, தூக்கவில்லை. அவன் கண் முன்னால் டோன்சோ கொஞ்சம் கொஞ்சமாக வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. உலையில் போட்டு எரிப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று அவனுக்குத் தோன்றியது. அதை அந்தப் பெண்ணிடம் சொன்னால் அனுமதித்த குற்றம் ஆகிவிடுமே என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டான்.

எதிர்க் குன்றில் துணை அமைச்சர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்த நேரத்தில், குடிலுக்குள் டெலஸ்கோப்பில் கண் வைத்திருந்த டச்சுக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். மலையில் உள்ள பாறுகள் அத்தனையும் எதிர்ச் சரிவில் ஒரு விவசாயியின் கொல்லையில் இருந்தன. டெலஸ்கோப்பை மடக்கி, வரிசையாகப் போய் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். பஸ் கிளம்பியதும் துணை அமைச்சரின் காரும், அதன் பின்னால் பௌனோவின் காரும், அதன் பின்னால் காப்பி எந்திரமும் கிளம்பின. திறப்பு விழா ரிப்பனை ரங்கெலின் புகையிலை உலர்த்தும் கழிகளுக்கு நடுவில் கட்டினார்கள். ஸ்தோய்னா எல்லோருக்கும் குளிர்ந்த மோர் கொடுத்தாள்.

பௌனோவ் உயரமான மனிதர், மீசையை அடிக்கடி தொட்டுப் பார்ப்பவர். பாறுகள் திடுக்கிடாமல் இருக்கத் தாழ்ந்த குரலில் சொற்பொழிவாற்றினார்.

"நண்பர்களே, ஒரு காலத்துல இந்த மலை பூராவும் பாறு இருந்துச்சு. இந்த ஊர்க்காரங்க செத்த மாட்டையும் கழுதையையும் கண்ட எடத்துல போட்டு, அதுங்களத் தின்னப் பழக்கிட்டாங்க. நாங்க அத சட்டம் போட்டு நிறுத்தினோம். நிறுத்தினதும் பறவைங்க குறைய ஆரம்பிச்சுது. குறைஞ்ச பிறகுதான் அதுங்களோட அருமை எங்களுக்கே புரிஞ்சுது. உடனே இந்தத் துறைய ஆரம்பிச்சோம். பறவையே இல்லன்னா எங்களுக்கு வேலை இல்ல. நிறைய இருந்துட்டாலும் வேலை இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நிலைய ரொம்பக் கவனமாக் காப்பாத்திட்டு வர்றோம்."

துணை அமைச்சர் உருக்கமாகக் கை தட்டினார். ரங்கெலும் தட்டினான். கம்பு கீழே விழுந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் டோன்சோ எலும்பாகிவிட்டது. பெரிய பாறுகள் ஏப்பம் விடாத குறையாகக் கிளம்பிப் போயின. விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மறுநாள் காலை மஞ்சள் முகமும் வெள்ளை உடம்புமாக ஒரு ஜோடி சின்னப் பாறுகள் வந்து எலும்பிடுக்கில் கொத்த ஆரம்பித்தன. இந்த வெள்ளைப் பாறு நாட்டிலேயே விரல் விட்டு எண்ணும்படிதான் மிச்சம். பேரியக்குநரகம் தொடங்கியதிலிருந்து அதன் கடிதத் தலைப்பில் மட்டுமே இருந்து வந்த பறவை இது. பௌனோவ் நேரில் வந்து பார்த்துவிட்டு, ரங்கெலின் தோளைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை கொல்லையும் கொட்டகையின் பின்பக்கமும் புகையிலைப் படிகளும் உயிர்நாடி மண்டலமாக அறிவிக்கப்பட்டன. கழிப்பறையும் அதற்குள் விழுந்தது. அதன் ஜன்னலிலிருந்து எலும்பு நன்றாகத் தெரிந்ததால் பச்சை வலை போர்த்தி, பார்வையாளர் குடில் எண் ரெண்டு என்று பலகை மாட்டினார்கள். ரங்கெலும் ஸ்தோய்னாவும் அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சொன்ன சொல் தவறாமல் எரிக்கும் வண்டி வந்தது. டிரைவர் கழுதையைக் கேட்டான். எலும்பு இப்போது வாழிடம், ஒரு துண்டைக் கூட அசைக்கக் கூடாது என்றாள் விஹ்ரா. வெறும் வண்டியோடு திரும்பினால் கேள்வி வரும் என்று டிரைவர் கவலைப்பட்டான். அரைமணி யோசித்துவிட்டுத் தார்ப்பாயை ஏற்றிக்கொண்டு போய் முறைப்படி எரித்துவிட்டான்.

இதற்குள் புகையிலையின் அடியிலைகள் பழுத்துவிட்டன. புகையிலை காத்திருக்காது. சூரியன் ஏறுவதற்கு முன்னால் அடியிலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பறித்துக்கொண்டே வர வேண்டும், விட்டால் செடியிலேயே காய்ந்து சருகாகிவிடும். அந்த வருஷத்து வாழ்வே அதில்தான் இருந்தது. ஸ்தோய்னா அடுக்களை ஜன்னலில் நின்று இலை மஞ்சளாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருக்கிறாளே என்று ரங்கெலுக்குப் பயமாகிவிட்டது. மண்டலத்துக்குள் போய் இலை பறிக்க அனுமதி கேட்டு விஹ்ராவைத் தேடிப் போனான். அவள் விதிகளை மூன்று தடவை படித்தாள். மனசில்லாதவள் இல்லை அவள், நாலாவது தடவையும் படித்தாள்.

"மண்டலத்துக்குள்ள மூணு வகைக்குத்தான் எடம் இருக்கு. பார்வையாளர், விஞ்ஞானி, செத்த கால்நடை."

"நான் நிலத்துச் சொந்தக்காரன்மா."

"சொந்தக்காரர்னு ஒரு வகையே போடல, ஐயா. இந்த மூணுல நீங்க எதுன்னு நீங்களே சொல்லுங்க."

மூன்றாவது வகையை நோக்கித் தான் போய்க்கொண்டிருப்பதாகத்தான் ரங்கெலுக்கு அப்போது தோன்றியது. இருந்தாலும் பார்வையாளர் என்று சொல்லி வைத்தான்.

மறுநாள் விடியற்காலையில் கணவனும் மனைவியும் தங்கள் சொந்த நிலத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு, மங்கலான நிறத்தில் உடுத்தி, டச்சுக்காரர்களோடு வரிசையில் நின்றார்கள். பேசக் கூடாது, கையை வேகமாக ஆட்டக் கூடாது, வாசனைத் தைலம் எதுவும் பூசக் கூடாது என்று விஹ்ரா விதிகளைச் சொன்னாள். பிறகு வழிகாட்டிக் கொண்டுபோய், ரங்கெல் நட்ட புகையிலை வரிசைகளுக்கு நடுவில் எல்லோரையும் குந்த வைத்தாள்.

வெள்ளைப் பாறு வருவதாகக் காணோம். எல்லோரும் மூச்சடக்கிக் காத்திருந்தார்கள். ஸ்தோய்னாவின் மூக்குக்கு நேரே ஒரு பழுத்த இலை தொங்கியது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவள் கை தானாகப் போய் அதைக் கிள்ளியது. அடுத்ததைக் கிள்ளியது. பிறந்ததிலிருந்து அந்தக் கை வேறு எதையும் அவ்வளவு செய்ததில்லை. ஒரு கணத்தில் மடி நிறைந்துவிட்டது.

ஹெண்ட்ரிகா என்ற டச்சு அம்மாள் அதைக் கவனித்துவிட்டு, இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று விஹ்ராவிடம் கிசுகிசுத்தாள். தன் கண் முன்னாலேயே விதிமீறல் நடக்கிறது என்று வெளிநாட்டாரிடம் ஒப்புக்கொள்ள விஹ்ராவுக்கு வாய் வரவில்லை. இது உள்ளூர் வழக்கம், இலை பறிக்கும் ஓசை பாறுகளுக்குப் பழகிய ஓசை, அதைக் கேட்டால்தான் அவை பயமில்லாமல் இறங்கும் என்று சொல்லிவிட்டாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே அது உண்மையாக இருக்கலாமோ என்று ஒரு சந்தேகம் வந்தது.

ஹெண்ட்ரிகா ஒரு இலையைக் கிள்ளினாள். அவள் கணவரும் கிள்ளினார். செய்தி வரிசையோடு போயிற்று. எல்லா டச்சுக்காரர்களும் சத்தமில்லாமல், மிகுந்த பொறுப்போடு, ரங்கெலின் புகையிலையைப் பறிக்க ஆரம்பித்தார்கள். பச்சை இலைக்கும் பழுத்த இலைக்கும் வித்தியாசம் தெரியாதவர்களின் கையை ஸ்தோய்னா மெல்லத் தட்டித் திருத்தினாள். இவர்கள் ரெண்டாவது வரிசையை முடிக்கும்போது வெள்ளைப் பாறு ஜோடியாக வந்து எலும்பின்மேல் இறங்கியது.

அப்புறம் விஹ்ரா சொன்னதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. டச்சுக்காரர்களின் விரல்களில் புகையிலைப் பிசின் கறுப்பாக அப்பிக்கொண்டது. பச்சைத் தக்காளியைத் தேய்த்தால் போய்விடும் என்று ஸ்தோய்னா தட்டு நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். ஒருவரும் வாங்கவில்லை. அந்தக் கையோடுதான் ஊருக்குப் போவோம் என்றார்கள். ஒரு வாரத்துக்குள் பௌனோவின் சுற்றறிக்கை வந்தது. மண்டலத்துக்கு வரும் ஒவ்வொரு பார்வையாளரும் பறவைகளின் மன அமைதியை முன்னிட்டுக் குறைந்தது ஒரு கூடை இலை பறித்தாக வேண்டும். பெல்ஜியத்திலிருந்து வந்தார்கள், ஸ்வீடனிலிருந்து வந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் ரெண்டு கூடை பறித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் படுத்தார். ரங்கெலுக்கு இந்த உலகத்தைப் பற்றித் தெரிந்திருந்த ஒன்றிரண்டு விஷயங்களும் குழம்பிப்போயின.

பறித்த இலையைக் கீழே கொண்டுவர வேண்டுமே. ஸ்தோய்னாவின் தம்பி பக்கத்து ஊரிலிருந்து தன் கோவேறு கழுதை பென்காவை ஓட்டிக்கொண்டு வந்து, இனி இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனான். நல்ல சாதுவான கழுதை. காது மட்டும் ஒன்று மடங்கியிருக்கும். வந்த மறுநாளே பௌனோவ் அதைப் பார்க்க வந்துவிட்டார். கையில் சர்க்கரைக் கட்டி இருந்தது. பென்காவைச் சுற்றி ஒரு முறை நடந்தார். விலாவை அன்போடு தட்டிப் பார்த்தார்.

"இதுக்கு என்ன வயசு, ரங்கெல் அண்ணே?" என்றார். அதுவரை அவர் அவனை அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

சின்ன வயசுதான் என்றான் ரங்கெல். பௌனோவின் முகம் வாடியது. டோன்சோவின் எலும்பில் இனி ஒன்றும் மிச்சமில்லை, வெள்ளைப் பாறுகள் எந்நேரமும் கிரேக்க எல்லையைத் தாண்டிப் போய்விடலாம், மண்டலத்துக்குத் தொடர்ச்சி வேண்டும் என்று விளக்கினார். மேடையிலிருந்த உறைந்த மாட்டைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாயிற்று, அவை அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆகவே பென்காவை எதிர்கால உணவு ஆதாரமாகத் திட்டத்தில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். அவசரம் ஒன்றும் இல்லை, எல்லாம் இயற்கையாகவே நடக்கட்டும் என்று ஆறுதலும் சொன்னார்.

அதற்குப் பிறகு ரங்கெலுக்கு நிம்மதி போயிற்று. பென்காவுக்கு எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. மருந்து உடம்பில் தங்கினால் பின்னால் தின்கிற பாறுக்கு ஆகாதாம். ஒரு நாள் சரிவில் புழுதி அடித்துப் பென்கா ரெண்டு தடவை இருமியது. அன்று மதியமே ஜீப் வந்தது. விஹ்ரா பென்காவின் முகத்தைப் பார்க்காமல் ரங்கெலின் காலணியையே பார்த்துக்கொண்டு, இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ரெண்டு பெல்ஜியக்காரர்கள் டெலஸ்கோப்பை நட்டுவைத்து, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ரங்கெல் பென்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இருமாதே மகளே, எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க என்று அதன் மடங்கிய காதில் சொன்னான். அதன்பிறகு கூடைகளைப் பாதி நிரப்பித்தான் ஏற்றினான். மிச்சத்தைத் தானே சுமந்தான்.

அறுவடை முடிகிற சமயத்தில் பௌனோவ் மறுபடி வந்தார். தனியாக வந்தார், மீசையைத் தொடவில்லை. ஸ்தோய்னா ராக்கியாச் சாராயமும் வெள்ளரிக்காயும் வைத்தாள். அவர் குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். திட்டம் மேலிடத்துக்குப் போகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு கட்டம் மட்டும் காலி. உணவு ஆதாரத்தின் இயற்கை மரணம், உத்தேசத் தேதி. அது இல்லாமல் நிதி வராது. நிதி வராவிட்டால் மண்டலம் இல்லை, துறை இல்லை.

"நான் ஒண்ணும் கொல்லச் சொல்லலியே, அண்ணே. ஒரு தேதிதான் கேக்கறேன். தேதி இல்லாத சாவ மேல ஏத்துக்க மாட்டாங்க."

ரங்கெல் வெளியே பார்த்தான். பென்கா வேலியோரத்தில் நின்று வாலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

"உங்க திட்டம் எப்ப முடியுது, சார்?"

"அடுத்த தேர்தலுக்கு முந்தின வசந்தத்துல. கடைசி நாள் முப்பத்தொண்ணாந் தேதி."

"அப்ப அதுக்கு மறுநாள்னு போட்டுக்கோங்க."

பௌனோவின் முகத்தில் ஒரு வெளிச்சம் மெல்லப் பரவியது. திட்டம் முடிந்த மறுநாள் சாவு என்றால், திட்டத்தை நீட்டித்தே ஆக வேண்டும். நீட்டித்தால் தேதியும் நீளும். இப்படி ஒரு கட்டத்தை அவருடைய உத்தியோக வாழ்க்கையில் யாரும் நிரப்பிக் கொடுத்ததில்லை. ராக்கியாவை ஒரே மடக்கில் குடித்தார். எழுந்து ரங்கெலின் இரு கன்னத்திலும் முத்தமிட்டார்.

போகும்போது வேலியோரத்தில் நின்று விஹ்ராவுக்குப் போன் போட்டார். குறித்த தேதிக்கு முன்னால் இந்தக் கழுதைக்கு ஏதாவது ஆனால் முழுத் திட்டமும் பொய்யாகிவிடும், ஆகவே இன்று முதல் மாதாமாதம் வைத்தியர் வர வேண்டும், மருந்து உட்பட எல்லாம் கொடுக்கலாம், ஓட்ஸ் செலவு துறையுடையது, முதுகில் பாதிக் கூடைக்கு மேல் ஏற்றக் கூடாது என்று உத்தரவு போட்டார். மிச்சக் கூடைகளைச் சுமக்கப் பார்வையாளர்களை ஏற்பாடு செய்யச் சொன்னார்.

கார் போன பிறகு ஸ்தோய்னா கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "என்னவாம், முத்தமெல்லாம் குடுத்துட்டுப் போறான்?"

"பென்காவுக்கு அரசாங்க உத்தியோகம் ஆயிருச்சு. இனிமே அது சாகணும்னா மேலிடத்துல உத்தரவு வாங்கணும்."

ஸ்தோய்னா கழுதையைப் பார்த்தாள். அப்புறம் கறுத்துப்போன தன் விரல்களைப் பார்த்தாள்.

"நம்மள ஒண்ணும் கேக்கலியா?"

"நமக்குத் தேதி எதுவும் கேக்கல" என்றான் ரங்கெல். "நாம எப்ப வேணாலும் போகலாம்."